பிரான்சில் மூன்று வயதுக் குழந்தையை அரசுப் பாலர் பள்ளியில் சேர்ப்பது எப்படி?

பிரான்சுக்குப் புதிதாக வந்து சேரும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு தயக்கத்தை அடிக்கடி பார்க்கிறேன். விசா அட்டை கைக்கு வரட்டும், சொந்தமாக வீடு கிடைக்கட்டும், குழந்தைக்கு நாலு வார்த்தை பிரெஞ்சு வரட்டும், பிறகு பள்ளியைப் பற்றி யோசிக்கலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். இந்த மூன்றில் எதற்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. 2019 செப்டம்பர் முதல் இந்த நாட்டில் மூன்று வயதிலிருந்தே கல்வி கட்டாயம். இங்கே வசிக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் அது பொருந்தும். பெற்றோரின் குடியுரிமையையோ தங்கும் அனுமதியையோ பொறுத்ததன்று. அரசுப் பள்ளியில் படிப்புக்குக் கட்டணமும் கிடையாது. எனவே வந்த வாரத்திலேயே வேலையைத் தொடங்குங்கள். எந்த வரிசையில் என்ன செய்வது என்பதைக் கீழே விளக்குகிறேன்.

வயதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்

மூன்று முதல் ஆறு வயது வரையிலான பள்ளிக்கு எக்கோல் மத்தெர்னெல் என்று பெயர். அதில் மூன்று வகுப்புகள்: பெத்தீத் செக்ஸியோன், முவாயென் செக்ஸியோன், கிராந்த் செக்ஸியோன். அதன் பிறகு வருவது சே-பே எனப்படும் முதல் வகுப்பு.

பிறந்த மாதம் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, பிறந்த ஆண்டுதான் கணக்கு. 2023 ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை பிறந்த அனைவரும் 2026 செப்டம்பரில் பெத்தீத் செக்ஸியோனில் சேர வேண்டும். டிசம்பரில் பிறந்த பிள்ளைக்கு அப்போது மூன்று வயது நிறைந்திருக்காது. இருந்தாலும் அதே வகுப்புதான். ‘இன்னும் மூன்று முடியவில்லையே, அடுத்த வருடம் பார்ப்போம்’ என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த ஆண்டு போனால் குழந்தையை நேராக முவாயென் செக்ஸியோனில்தான் வைப்பார்கள். மற்றவர்கள் ஓராண்டு பழகிவிட்ட இடத்தில் உங்கள் பிள்ளை மட்டும் புதிதாய் நிற்கும்.

சில பள்ளிகளில், குறிப்பாக வசதி குறைந்த பகுதிகளில், இரண்டு வயது நிரம்பிய குழந்தைகளையும் இடம் இருந்தால் சேர்த்துக்கொள்கிறார்கள். அது கட்டாயமில்லை, உறுதியுமில்லை. ஆனாலும் கேட்டுப் பார்ப்பது நல்லது. வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளரும் குழந்தைக்கு அந்த ஓராண்டு மிகவும் உதவும்.

முதல் படி: மேரியில் பதிவு

பள்ளி வாசலுக்குப் போய் இடம் கேட்கும் வழக்கம் இங்கே இல்லை. முதலில் போக வேண்டிய இடம் மேரி, அதாவது உங்கள் ஊரின் நகராட்சி அலுவலகம். எந்தத் தெருவில் இருப்பவருக்கு எந்தப் பள்ளி என்று அவர்கள் வகுத்து வைத்திருக்கிறார்கள். உங்கள் முகவரியைப் பார்த்து, அதற்குரிய பள்ளியின் பெயரை எழுதிய பதிவுச் சான்றிதழைத் தருவார்கள்.

பெரும்பாலான ஊர்களில் செப்டம்பர் சேர்க்கைக்கான பதிவு அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிடும். கடைசி நாள் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் டிசம்பரிலேயே மேரியின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். பல இடங்களில் நேரம் முன்பதிவு செய்துகொண்டுதான் போக வேண்டும். சில இடங்களில் இணையம் வழியாகவே முடித்துவிடலாம். நடுவில் நாட்டுக்குள் வந்தவர்கள் எந்த மாதத்திலும் பதிவு செய்யலாம். நவம்பரில் வந்தாலும் மார்ச்சில் வந்தாலும், கட்டாயக் கல்வி வயதிலுள்ள குழந்தையை ‘அடுத்த செப்டம்பரில் வாருங்கள்’ என்று திருப்பி அனுப்பக்கூடாது.

கொண்டுபோக வேண்டிய காகிதங்கள் மூன்று வகை: குழந்தை யார் என்பதற்கு, நீங்கள் யார் என்பதற்கு, எங்கே வசிக்கிறீர்கள் என்பதற்கு. எல்லாவற்றுக்கும் மூலப்பிரதியும் நகலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ். பிரான்சில் பிறந்திருந்தால் பிறந்த ஊரின் மேரியிலிருந்து நகலை இலவசமாகப் பெறலாம். லிவ்ரே து ஃபமீய் எனப்படும் குடும்பப் புத்தகம் இருந்தால் அதுவே போதும். இந்தியாவிலோ இலங்கையிலோ பிறந்திருந்தால் அங்கே பெற்ற சான்றிதழுடன், நீதிமன்றத்தால் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளரிடம் பிரெஞ்சில் மொழிபெயர்த்து வாங்கிய பிரதியையும் வைத்திருங்கள். இந்த மொழிபெயர்ப்பைச் செய்து வைப்பது வீண் செலவன்று. பள்ளிக்கு மட்டுமின்றி, குடும்ப உதவித்தொகைக்கும் மருத்துவக் காப்புறுதிக்கும் அதே தாளைத்தான் கேட்பார்கள். அகதி உரிமை பெற்றவர்களுக்கு அவர்களுடைய குடிசார் ஆவணங்களை ஒஃப்ப்ரா என்னும் அகதிகள் பாதுகாப்பு அலுவலகம் வழங்குகிறது. ஊரிலிருந்து சான்றிதழ் எடுக்க முடியாதவர்கள் இதைக் கவனத்தில் கொள்ளவும்.

பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. இங்குள்ள படிவங்கள் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் கேட்கும். நம்மில் பலருக்கு இருப்பதோ தந்தை பெயரின் முதலெழுத்தும் ஒற்றைப் பெயரும். கட்டத்தை நிரப்ப வேண்டுமே என்று அப்போதைக்குத் தோன்றியதை எழுதிவிட்டால், மேரியில் ஒரு பெயர், மருத்துவ அட்டையில் இன்னொரு பெயர், பள்ளியில் வேறொரு பெயர் என்று ஆகிவிடும். பிறகு திருத்துவது பெரும்பாடு. கடவுச்சீட்டிலோ பிறப்புச் சான்றிதழிலோ உள்ள வரிசையையும் எழுத்துக்கூட்டலையும் ஓர் எழுத்துகூட மாறாமல் எல்லா இடத்திலும் எழுதுங்கள்.

முகவரிக்கு மின்கட்டண ரசீது, வாடகை ரசீது, வரி அறிவிப்பு ஆகியவற்றில் ஒன்று, பொதுவாகக் கடைசி மூன்று மாதங்களுக்குள் வந்ததாக இருக்க வேண்டும். கைபேசிக் கட்டண ரசீதைப் பல இடங்களில் ஏற்பதில்லை. உறவினர் வீட்டில் ஓர் அறையில் தங்கியிருப்பவர்கள் நம்மில் ஏராளம். அவர்களுக்கும் வழி இருக்கிறது. ‘இவர்கள் என் வீட்டில் வசிக்கிறார்கள்’ என்று வீட்டுக்காரர் எழுதிக் கையொப்பமிட்ட கடிதம் வேண்டும். அதை அத்தெஸ்தாசியோன் தெபெர்ஜ்மான் என்பார்கள். கூடவே அவருடைய அடையாள அட்டையின் நகலையும் முகவரிச் சான்றையும் இணைக்க வேண்டும். சித்தப்பா வீடோ நண்பர் வீடோ, அந்த மூன்று தாள்களையும் முதல் நாளே கேட்டு வாங்கிவிடுங்கள். விடுதியிலோ தற்காலிகத் தங்குமிடத்திலோ இருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் இதே உரிமை உண்டு.

மறுத்தால் என்ன செய்வது

தங்கும் அனுமதி அட்டையைப் பள்ளிப் பதிவுக்காகக் கேட்க மேரிக்கு அதிகாரம் இல்லை. வெளிநாட்டுக் குழந்தைகளைச் சேர்ப்பது பற்றிய 2012ஆம் ஆண்டின் கல்வி அமைச்சகச் சுற்றறிக்கை இதைத் தெளிவாகவே சொல்கிறது. அடையாளத்துக்காக நீங்களாக அந்த அட்டையைக் காட்டலாம்; இல்லாதவர்கள் கடவுச்சீட்டைக் காட்டினால் போதும். 2020இல் வந்த அரசாணை ஒன்று, பதிவுக்குக் கேட்கத்தக்க ஆவணங்களை மேலே சொன்ன மூன்று விஷயங்களோடு நிறுத்திவிட்டது.

நடைமுறையில் எதிரில் இருக்கும் ஊழியர் புதியவராக இருக்கலாம், ஏதோ ஒரு தாள் இல்லை என்று திருப்பி அனுப்பலாம். அப்போது கோபப்பட வேண்டாம். பயந்து வெளியேறவும் வேண்டாம். என்ன குறை என்பதை எழுதித் தரும்படி பணிவாகக் கேளுங்கள். பெரும்பாலும் அந்த ஒரு கேள்வியிலேயே மேலாளரை அழைத்துப் பேசுவார்கள். அதற்குப் பிறகும் நியாயமான காரணமின்றி மறுத்தால், மாவட்டக் கல்வி அதிகாரியான தசெனுக்கு எழுதலாம். மேயர் செய்ய வேண்டிய பதிவை அரசின் சார்பில் அவரே செய்யச் சட்டம் இடம் தருகிறது. தெஃபான்சர் தே துருவா எனப்படும் உரிமைக் காப்பாளரிடம் முறையிடுவதும் இலவசம்.

ஒதுக்கிய பள்ளி வேண்டாம், வேறு பள்ளிதான் வேண்டும் என்பவர்கள் தெரோகாசியோன் எனப்படும் விதிவிலக்கைக் கோரி மேரியில் விண்ணப்பிக்கலாம். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே அங்கே படிப்பது போன்ற காரணங்களுக்கு மதிப்பு உண்டு. கிடைக்கும் என்ற உறுதி இல்லை. என் கருத்தைக் கேட்டால், நடந்து போகும் தூரத்தில் உள்ள பள்ளியை விட்டுவிட்டு, பெயர் பெற்ற பள்ளியைத் தேடி இந்த வயதில் அலைய வேண்டாம். பிள்ளையின் நண்பர்கள் அதே தெருவில் இருப்பது அதைவிடப் பெரிய நன்மை.

தடுப்பூசி: இதைத்தான் முதலில் சரிபாருங்கள்

2018 ஜனவரி 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிரான்சில் பதினொரு நோய்களுக்கு எதிரான தடுப்பூசிகள் கட்டாயமாக்கப்பட்டன: தொண்டை அடைப்பான், ரணஜன்னி, இளம்பிள்ளைவாதம், கக்குவான், ஹிப் கிருமித் தொற்று, ஹெபடைடிஸ் பி, நியூமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ் சி, தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா. 2025 ஜனவரி முதல் மெனிங்கோகாக்கஸில் வேறு சில வகைகளும் கைக்குழந்தைகளுக்கான கட்டாயப் பட்டியலில் சேர்ந்துவிட்டன.

இந்திய அரசு அட்டவணைப்படி எல்லா ஊசியும் போட்டாயிற்று என்று நிம்மதியாக இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது. அங்கே அரசு மருத்துவமனையில் போடப்படுவது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் உரிய ஊசி. பொன்னுக்குவீங்கி அதில் இல்லை. மெனிங்கோகாக்கஸ் ஊசியும் பொதுவான அட்டவணையில் இல்லை. எனவே ஓரிரு ஊசிகள் பாக்கி இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். பிசிஜி எனப்படும் காசநோய்த் தடுப்பூசி போட்ட தழும்பு நம் பிள்ளைகளின் தோளில் இருக்கும். இங்கே அது 2007 முதல் கட்டாயமில்லை.

ஊசி அட்டையை எடுத்துக்கொண்டு பே-எம்-ஈ எனப்படும் தாய்சேய் நல மையத்துக்குப் போங்கள். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளை அங்கே இலவசமாகப் பரிசோதித்து, விடுபட்ட ஊசிகளைப் போட்டு, கர்னே து சாந்தே என்னும் உடல்நலப் புத்தகத்தில் பதிந்து தருவார்கள். ஊசி பாக்கி என்பதற்காகப் பள்ளியில் சேர்ப்பதை நிறுத்தி வைக்க மாட்டார்கள். தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டு மூன்று மாத அவகாசம் தருவார்கள். சில ஊசிகளுக்கு இடையே இடைவெளி விட வேண்டியிருப்பதால் அந்த மூன்று மாதம் விரைவில் ஓடிவிடும்.

இரண்டாம் படி: பள்ளியில் சேர்க்கை

மேரியில் பதிவு முடிந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. பதிவுச் சான்றிதழையும் தடுப்பூசிப் பக்கங்களையும் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு பள்ளித் தலைமையாசிரியரைச் சந்தித்து, சேர்க்கையை உறுதிசெய்ய வேண்டும். அவர் பெரும்பாலும் வகுப்பெடுப்பவராகவும் இருப்பார் என்பதால், முன்கூட்டித் தொலைபேசியில் நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தச் சந்திப்புக்கு முடிந்தால் குழந்தையையும் அழைத்துப் போங்கள்.

அங்கே தரும் தகவல் படிவத்தில் ஒரு பகுதியை மிகுந்த கவனத்தோடு நிரப்ப வேண்டும்: குழந்தையை மாலையில் அழைத்துச் செல்ல யாருக்கெல்லாம் அனுமதி என்பது. மத்தெர்னெல் குழந்தைகளைப் பெற்றோரிடமோ, பெற்றோர் எழுத்தில் குறிப்பிட்டவரிடமோதான் ஒப்படைப்பார்கள். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் தாத்தா, மாமா, பக்கத்து வீட்டு அக்கா என்று யார் வரக்கூடும் என்பதை முன்பே யோசித்து அனைவர் பெயரையும் எழுதுங்கள். பெயர் இல்லாதவர் வந்து நின்றால், குழந்தை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாலும் அனுப்பமாட்டார்கள்.

ஒவ்வாமை, ஆஸ்துமா போன்றவை இருந்தால் அப்போதே சொல்லுங்கள். மருத்துவர் துணையோடு பே-ஆ-ஈ என்ற தனி ஏற்பாட்டை எழுத்தில் செய்துகொள்ளலாம்; அது இல்லாமல் மருந்து கொடுக்கப் பள்ளி தயங்கும். வளர்ச்சியில் தாமதமோ மாற்றுத்திறனோ உள்ள குழந்தைக்கும் அதே தெருப் பள்ளியில் சேரும் உரிமையை 2005ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிசெய்கிறது. உதவியாளர் வேண்டுமென்றால் எம்-தே-பே-ஆஷ் எனப்படும் மாற்றுத்திறனாளிகளுக்கான மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். முடிவு வர மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், ஊரார் என்ன சொல்வார்களோ என்று மறைத்து நாளைக் கடத்தாதீர்கள். மூன்று வயதில் கிடைக்கும் உதவிக்கு ஈடாக எதுவும் பின்னர் கிடைப்பதில்லை.

சாப்பாடும் மாலை நேரமும்

படிப்பு நேரம் வாரத்துக்கு 24 மணி. பெரும்பாலான ஊர்களில் திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி ஆகிய நான்கு நாட்கள். சில ஊர்களில் புதன் காலையும் உண்டு. மதியம் நீண்ட இடைவேளை இருக்கும். அப்போது குழந்தையை வீட்டுக்கு அழைத்துவந்து ஊட்டலாம், அல்லது கந்தீன் எனப்படும் பள்ளி உணவகத்தில் சாப்பிட வைக்கலாம்.

கந்தீனும், பள்ளிக்கு முன்னும் பின்னும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெரிஸ்கோலேரும், புதன்கிழமை விளையாட்டு மையமும் படிப்போடு சேர்ந்தவை அல்ல. அவற்றுக்கு மேரியில் தனியாகப் பதிய வேண்டும், பணமும் கட்ட வேண்டும். பள்ளியில் சேர்த்ததும் இவை தாமாகக் கிடைத்துவிடும் என்று எண்ணிச் செப்டம்பர் முதல் வாரத்தில் வேலைக்கு விடுப்பு எடுக்கும் நிலைக்கு வருகிறவர்கள் உண்டு. பல ஊர்களில் கட்டணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் குறையும். அதற்குக் குடும்ப உதவித்தொகை வழங்கும் காஃப் அலுவலகம் வருமானத்தை வைத்துக் கணக்கிடும் கோசியான் ஃபமிலியால் என்ற எண்ணையோ வரி அறிவிப்பையோ காட்ட வேண்டும். காட்டாதவர்களுக்கு உச்சக் கட்டணம் போட்டுவிடுவார்கள். குறைந்த வருமானமுள்ள குடும்பங்கள் இந்த ஒரு தாளால் ஆண்டு முழுவதும் மிச்சம் பிடிக்கலாம்.

உணவு பற்றி: வாரத்தில் ஒரு வேளையாவது சைவ உணவு தர வேண்டும் என்ற சட்டம் 2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. தினமும் சைவம் தரும் ஊர்களும் இருக்கின்றன, தராத ஊர்களும் இருக்கின்றன; பதியும்போதே கேட்டுவிடுங்கள். மாட்டிறைச்சி சாப்பிடாத வீட்டுக்காரர்கள் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பன்றியிறைச்சி இல்லாத உணவு என்ற தெரிவு பல இடங்களில் உண்டு, ஆனால் அதில் மாடு இருக்கலாம்.

செப்டம்பருக்கு முன் வீட்டில் செய்ய வேண்டியவை

பிரெஞ்சு கற்றுக்கொடுக்க மெனக்கெடாதீர்கள். ‘தண்ணீர்’, ‘கழிப்பறை’, ‘வலிக்கிறது’, ‘அம்மா’ ஆகியவற்றுக்கான சொற்கள் தெரிந்தால் தொடங்குவதற்குப் போதும்; மீதியை விளையாட்டில் பிடித்துக்கொள்வார்கள். முதல் சில மாதங்கள் வகுப்பில் வாயே திறக்காமல் இருக்கும் பிள்ளைகள் உண்டு. அந்த மௌனத்தில் அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆசிரியர் கவலைப்பட்டால், வீட்டில் தமிழில் நன்றாகப் பேசுகிறானா என்பதைச் சொல்லுங்கள். அந்தத் தகவல் அவருக்கு மிகவும் தேவை. தமிழை நிறுத்திவிட்டு அரைகுறைப் பிரெஞ்சில் வீட்டில் பேசத் தொடங்குவதை மட்டும் செய்யாதீர்கள். கதை கேட்கவும் காரணம் சொல்லவும் தாய்மொழியில் பழகிய குழந்தைக்கு இரண்டாம் மொழி எளிதாக வருகிறது.

அதைவிட அவசரமானது கழிப்பறைப் பழக்கம். டயப்பர் இல்லாமல் இருக்க வேண்டும் என்று பள்ளி எதிர்பார்க்கும். கட்டாயக் கல்வி வயதில் அதைக் காரணம் காட்டிக் குழந்தையை ஒதுக்க முடியாது. ஆனால் ஒரே ஒரு உதவியாளர் முழு வகுப்பையும் கவனிக்கும் இடத்தில் அது குழந்தைக்குத்தான் சங்கடம். கோடை விடுமுறையின் தொடக்கத்திலேயே பழக்குங்கள். தானே இழுத்துவிடக்கூடிய இலாஸ்டிக் கால்சட்டை, ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்த செருப்பு, ஒரு செட் மாற்றுடை ஆகியவற்றைத் தயார் செய்து, எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள். தங்கச் சங்கிலி, காப்பு, கொலுசு ஆகியவற்றை வீட்டிலேயே கழற்றி வையுங்கள். தொலைந்தால் யாரையும் கேட்க முடியாது.

தூங்கும்போது கட்டிப்பிடித்துக்கொள்ள ஒரு துணிப் பொம்மையைக் கொண்டுவரச் சொல்வார்கள். அம்மாவின் பழைய சேலைத் துண்டாக இருந்தாலும் சரிதான். பெத்தீத் செக்ஸியோனில் மதியம் படுக்கவைப்பார்கள். நாள் முழுக்கத் தாங்காது என்று தோன்றினால், பிற்பகலில் வீட்டுக்கு அழைத்துச் செல்லத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் விண்ணப்பிக்கலாம். கல்வி ஆய்வாளரின் ஒப்புதலோடு இந்தச் சலுகை பெத்தீத் செக்ஸியோன் பிள்ளைகளுக்கு மட்டும் கிடைக்கிறது.

எழுத்து, எண், வீட்டுப்பாடம் எதுவும் வரவில்லையே என்று நம் பெற்றோர் முதல் ஆண்டில் பதறுவதைக் காண்கிறேன். இங்கே முறையாக வாசிக்கக் கற்பிப்பது சே-பே வகுப்பில்தான். அதற்கு முன் பாட்டு, கதை, களிமண், கத்தரிக்கோல், வரிசையில் நிற்பது, நண்பனிடம் விட்டுக்கொடுப்பது ஆகியவைதான் பாடம். எல்கேஜி பாடப்புத்தகத்தை ஊரிலிருந்து வரவழைத்து மாலையில் திணிக்க வேண்டாம். மாலையில் பிள்ளைக்குத் தேவை ஓய்வும் உங்கள் மடியும்.

சேர்ந்த பிறகு

பையில் வரும் தகவல் நோட்டை அன்றாடம் திறந்து பார்த்துக் கையொப்பமிடுங்கள். புரியாத பக்கத்தை மொழிபெயர்ப்புச் செயலியில் படம் பிடித்தாலே போதும். செப்டம்பரில் நடக்கும் பெற்றோர் கூட்டத்துக்கு மொழி தெரியாவிட்டாலும் போங்கள். உங்கள் முகம் ஆசிரியருக்குத் தெரிந்திருப்பது குழந்தைக்குப் பாதுகாப்பு.

கல்வி கட்டாயம் என்பதால் வருகையும் கட்டாயம். திருமணத்துக்கோ பொங்கலுக்கோ விமான டிக்கெட் மலிவாக இருக்கும் வாரத்தில் ஊருக்குப் போய்வரலாம் என்று திட்டமிடாதீர்கள். சரியான காரணமின்றி ஒரு மாதத்தில் நான்கு அரைநாட்கள் வராவிட்டால் பள்ளி கல்வி அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கும். நாடு அ, பே, சே என மூன்று விடுமுறை மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பாரிஸ் பகுதி சே மண்டலம். உங்கள் மண்டலத்தின் தேதிகளைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

வீடு மாறினால் பழைய பள்ளியிலிருந்து செர்த்திபிகா து ரதியாசியோன் என்ற விடுப்புச் சான்றிதழை வாங்கிக்கொண்டு, புதிய ஊரின் மேரியில் மறுபடி பதிய வேண்டும். கிராந்த் செக்ஸியோன் முடித்துச் சே-பே போகும்போது பள்ளிக் கட்டடம் மாறுமானால், பல ஊர்களில் மேரியில் புதிதாகப் பதியச் சொல்வார்கள். அதையும் அந்த ஆண்டின் தொடக்கத்தில் விசாரியுங்கள்.

ஒவ்வொரு செப்டம்பரிலும் செர்த்திபிகா து ஸ்கொலாரித்தே என்னும் படிப்புச் சான்றிதழை இரண்டு பிரதியாகக் கேட்டு வாங்குங்கள். ஒன்றைக் காப்புறுதிக்கும் மேரிக்கும் பயன்படுத்திக்கொண்டு, மற்றொன்றைக் கோப்பில் போட்டு வையுங்கள். பின்னாளில் தங்கும் அனுமதிக்கோ, பிள்ளையின் பிரெஞ்சுக் குடியுரிமைக்கோ விண்ணப்பிக்கும்போது, எந்த ஆண்டில் எங்கே வாழ்ந்தீர்கள் என்பதற்கு இந்தத் தாள்களைத்தான் கேட்பார்கள்.